விலை குறைந்த வீட்டில் யாருடைய கையெழுத்து இல்லை?

“கோப்பாய்ப் பக்கம் ஒரு வீடு இருக்கு பிள்ளை. மூண்டு பரப்பு. கிணறு பங்கில்லை, தனிக்கிணறு. அறுபத்தைஞ்சு சொல்லினம், பேசினால் அறுபதுக்கு வரும்.”

தரகர் ஐயா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நாங்கள் வீடு தேடத் தொடங்கி பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பகுதியில் மூன்று பரப்புக் காணியோடு வீடு என்றால் ஒரு கோடிக்குக் குறைவாக யாரும் எங்களிடம் விலை சொன்னதில்லை. “ஏன் ஐயா இவ்வளவு மலிவு?” என்று கேட்டேன். “பிரச்சினை ஒண்டுமில்லை. ஒரே ஒரு கையெழுத்துத்தான் குறையுது” என்றார்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன், யாழ்ப்பாண நகரத்தின் வெளிப்புறத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் வீடு தேடுவது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எங்களைப் போலத் தேடிக்கொண்டிருக்கும் பலருக்கு இது உதவக்கூடும்.

கம்பிக்கு உள்ளே ஒரு காணி

எங்கள் குடும்பம் மயிலிட்டியைச் சேர்ந்தது. 1990 ஜூனில் வெளிக்கிட்டவர்கள். நான் அதற்கடுத்த வருடம் பிறந்தேன், உறவினர் ஒருவருடைய வீட்டின் பின்விறாந்தையில். 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது அம்மாவும் போய்ப் பார்த்தார். எங்கள் காணி அதற்குள் வரவில்லை. இன்றைக்கும் அது கம்பிக்கு உள்ளேதான் இருக்கிறது. அம்மாவிடம் அதன் உறுதி இருக்கிறது. 1995 ஒக்டோபரில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோதும் பிறகு வன்னியிலும் அந்த உறுதி ஒரு பொலித்தீன் பையில் அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது.

ஆக, காணி இருக்கிறது, வீடு இல்லை. இதுவரை பதினொரு வாடகை வீடுகள். கடைசி வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறார் என்று ஆறு மாதத் தவணை கொடுத்தபோதுதான், சொந்தமாக ஒன்றைத் தேடுவோம் என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். அது 2024 ஜனவரி.

எங்கள் கணக்கு இதுதான். சேமிப்பு 20 இலட்சம். நகை விற்றால் 10. பிரான்சில் இருக்கும் அக்கா கைமாற்றாகத் தருவது 8. மிச்சத்துக்கு வங்கிக் கடன். நான் சுதந்திர ஊடகவியலாளர் என்பதால் என்னிடம் சம்பளச் சீட்டு இல்லை. மூன்று வருட வங்கிக் கணக்கறிக்கையைக் கொண்டுபோயும் வங்கி என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. கணவரின் ஆசிரியர் சம்பளத்துக்கு 32 இலட்சம் தரலாம் என்றார்கள். மொத்தம் 70 இலட்சம்.

இந்தக் காசுக்கு நல்லூரிலோ திருநெல்வேலியிலோ வீட்டை விடுங்கள், வெறும் காணியே கிடைக்காது. எங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகளில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஒரு பரப்பே 80 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது சுமார் 2,720 சதுர அடி. அந்த விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கே உழைப்பவர்கள் இல்லை. எனவே நாங்கள் வெளியே போனோம்: அரியாலை, நாவற்குழி, இருபாலை, கோப்பாய், நீர்வேலி.

அக்கா தன்னுடைய பெயரிலேயே வாங்கிவிடுகிறேன், நீங்கள் இருங்கள் என்று முதலில் சொன்னார். அது முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கே காணி வாங்க இயலாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். அக்காவிடம் பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும்தான்.

உறுதியைப் பார்ப்பது

வெளிப்புறத்தில் விலை குறைவதற்கு நகரத்திலிருந்து உள்ள தூரம் ஒரு காரணம். ஆனால் ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வளவுகளுக்கு இடையே முப்பது நாற்பது இலட்சம் வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் தூரம் இல்லை. அப்படியான இடங்களில் உறுதியில் ஏதோ இருக்கும்.

எங்கள் நொத்தாரிசு அம்மா முதல் நாளே சொன்னார்: “வீட்டைப் பாக்கிறதுக்கு முதல் உறுதியின்ரை பிரதியைக் கேளுங்கோ. தர யோசிச்சால் அங்க போகாதேங்கோ.” அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் பல பயணங்களை மிச்சப்படுத்தியது.

அறுதி உறுதி என்றால் விற்றவர் வாங்கியவருக்கு எழுதிக்கொடுத்தது. நன்கொடை உறுதி, சீதன உறுதி என்பவையும் உரிமையை மாற்றுபவைதான். ஆனால் ஆட்சி உறுதி என்று ஒன்று இருக்கிறது. ‘இந்தக் காணியைப் பத்து வருடத்துக்கு மேலாக நான் தடையின்றி ஆண்டுவருகிறேன்’ என்று ஒருவர் தானே நொத்தாரிசு முன் சொல்லி எழுதுவது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருட எதிருடைமைக்கு உரிமை தருவது உண்மை. ஆனால் அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம். ஆட்சி உறுதி நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. அதோடு, பங்காளிகளில் ஒருவர் காணியில் இருந்தால் அவர் மற்றவர்களுக்காகவும் இருக்கிறார் என்றே சட்டம் கருதும். அண்ணன் வெளிநாட்டில் இருபது வருடம் இருந்தார் என்பதற்காக அவருடைய பங்கு தம்பிக்கு வந்துவிடாது. போரால் ஊரை விட்டுப் போனவர்களின் காணிகளில் இந்த வகை உறுதிகள் நிறைய வந்திருக்கின்றன. நாங்கள் பார்த்த வீடுகளில் மட்டும் நான்கு. எங்கள் வங்கி ஒன்றையும் ஏற்கவில்லை.

அடுத்தது காணிப் பதிவகம். தோம்பு பார்ப்பது என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். காணி எந்தப் பதிவேட்டுப் பக்கத்தில் இருக்கிறதோ அதைத் தேடிப் பிரதி எடுத்தால், யாரிடமிருந்து யாருக்குப் போனது, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பது தெரியும். எங்களிடம் வங்கி முப்பது வருட உரித்துக் கேட்டது. முப்பது வருடம் என்றால் 1995. அந்த வருடத்தில் இந்த ஊரில் யார் எங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இடப்பெயர்வில் செத்தவர்களுக்கு மரணப் பதிவு இல்லை, பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை, உறுதிகள் எரிந்தவை, நனைந்தவை. உரித்துச் சங்கிலியில் ஒரு கண்ணி அங்கேதான் அறுந்திருக்கும்.

வடக்கில் வாங்குபவர்கள் தேசவழமையையும் மறக்கக்கூடாது. இரண்டு விடயங்கள் முக்கியம். ஒன்று, முன்வாங்கல் உரிமை. பங்கு உரிமையாளர்களுக்கும் விற்பவரின் வாரிசாகக்கூடியவர்களுக்கும் வெளியாருக்கு முன் அந்தக் காணியை வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கு வரலாம். இரண்டு, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன்னுடைய அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதன வீடாக இருந்தாலும் இதுதான் நிலை. கணவன் எங்கே என்றே தெரியாத பெண்கள் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்? அவர்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்க வேண்டும். 1911இல் இயற்றிய சட்டம் 2009க்குப் பிறகான ஒரு பெண்ணை இப்படி நிறுத்திவைத்திருக்கிறது.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தோடு வருவார். அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். அவர் இறந்த அன்றே தத்துவமும் முடிந்துவிடும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் தத்துவம் கொடுத்தவர் இறந்து எட்டு மாதம். விற்க வந்த உறவினர் அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் பேச்சுவாக்கில் “அவரின்ரை ஆண்டுத்திவசம் வருது” என்றார்.

நகரை விட்டு இன்னும் தள்ளிப் போகப் போக ‘போமிட் காணி’கள் வரும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைத் தனியார் உறுதி போல விற்க முடியாது. வெள்ளைத் தாளில் எழுதிக் காசு கைமாறுகிறது. வாங்கியவர் வீடும் கட்டிவிடுகிறார். பதிவில் அவருடைய பெயர் வராது. 2025 மார்ச் 28இல் வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்தில் உரிமை கோரச் சொல்லி வர்த்தமானி வந்தபோது, ஆவணம் இல்லாதவர்கள் பட்ட பதற்றத்தைச் செய்தியாளராகப் பார்த்தேன். அதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பின்னர் அரசும் பின்வாங்கியது. ஆனாலும் ஒரு தாள் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மூன்று மாதம் காட்டியது.

தண்ணீரும் வெள்ளமும்

உறுதி சரியாக இருந்த சில வீடுகளில் கிணறு சரியில்லை. அரியாலையின் கடலேரிப் பக்கத்திலும் நாவற்குழியிலும் பார்த்த கிணறுகள் பல உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. கோப்பாய், நீர்வேலிப் பக்கச் செம்மண்ணில் தண்ணீர் இனிப்பு. ஆனால் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் நெருக்கமான மலசலகூடக் குழிகளும் அதே சுண்ணாம்புக்கல் நிலத்தின் ஊடாக அதே தண்ணீரில்தான் கலக்கின்றன. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, அது நல்லதல்ல. நாக்குக்கு அது தெரியாது. ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் வழி. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. ஆனால் நீங்கள் பார்க்கும் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டதா என்பதை அந்த ஒழுங்கைக்காரரிடம் கேளுங்கள்.

வெள்ளத்தை நாங்கள் தற்செயலாகக் கற்றுக்கொண்டோம். 2024 ஆவணியில் ஒரு வீட்டைப் பார்த்து ஏறக்குறைய முற்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்தோம். கணவர்தான் மாரி வரட்டும் என்றார். அந்த நவம்பர் இறுதி மழையில் போய்ப் பார்த்தபோது ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர், வீட்டின் முதல் படி தெரியவில்லை. கோடையில் வீடு பார்க்கிறவர்கள் மதிலின் அடியில் நீர் நின்ற கறையைத் தேடுங்கள். புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அயலாரிடம் கேளுங்கள்.

இந்தத் தேடலில் கண்டி வீதியால் எத்தனையோ தரம் போய்வந்தோம். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புகள் வெளிப்பட்டன. அதன் பிறகு அந்தப் பக்கம் இருந்த ஒரு வீட்டைப் பார்க்க என்னால் போக முடியவில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. அங்கே வாழ்பவர்களுக்கு இதைச் சொல்வது மனவருத்தம் தரும் என்று தெரியும், அவர்கள் நாளும் அந்த வழியால்தான் போய்வருகிறார்கள். என் நிலையை மட்டும் சொல்கிறேன். அகழ்வைச் செய்தியாக எழுதிவிட்டு வரும் வழியில் காணி விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆறில் ஒரு பங்கு

இனி அந்தக் கோப்பாய் வீடு.

தரகர் ஐயா சொன்னது பொய்யில்லை. தனிக்கிணறு, இரண்டு மாமரம், முன்னால் ஒரு தென்னை. வீடு உதவித்திட்டத்தில் கட்டியது. பூச்சு முழுதாக முடியவில்லை, ஆனால் உறுதியான வீடு. உரிமை அந்த அம்மாவும் காலமான கணவரும் தேடிய தேட்டம். பாதி அம்மாவுக்கு. மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஆறில் ஒன்று. மூத்த மகள் கனடாவில், தத்துவம் அனுப்பத் தயார். இளைய மகள் வீட்டிலேயே இருக்கிறார். நடுவில் மகன். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் போனவர்.

மூன்று பரப்பில் ஆறில் ஒன்று என்றால் அரைப் பரப்பு. எங்கள் கணக்கில் ஒன்பது குழி. குறைந்த கையெழுத்து அந்த ஒன்பது குழிக்குரியது.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டப்படி காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். எடுத்தால் பங்கு வாரிசுகளுக்குப் போகும், வீட்டை விற்கலாம். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்குக் காணாமற்போனவர் என்ற சான்றிதழ் பெறவும் இடம் கொடுத்தார்கள். அது தாய்மாருக்குப் பெரிய விடயம். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி அவருடைய பங்கை எங்களுக்கு எழுதிவிட முடியாது. நொத்தாரிசு அம்மா அதைத் தெளிவாகச் சொன்னார். ஐந்து பங்கை மட்டும் வாங்கலாம். வாங்கினால் காணாமற்போன ஒருவரோடு நாங்களும் பங்காளிகள். வங்கி கடன் தராது. பிரிக்க வேண்டுமென்றால் பிரிவினை வழக்கு, அது எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“நீங்கள் பேப்பர்காரப் பிள்ளை, உங்கட சொல்லைக் கேப்பா. மரணச் சேட்டிபிக்கேற் எடுக்கச் சொல்லுங்கோ” என்றார் தரகர் ஐயா.

நான் அந்த அம்மாவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சுவரில் மகனின் படம், மாலை போடாமல். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் உறவுகள் தொடர்போராட்டம் தொடங்கியதிலிருந்து இப்படியான படங்களைக் கையில் வைத்திருக்கும் அம்மாமாரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அவர்கள் ஏன் மரணச் சான்றிதழை மறுக்கிறார்கள் என்று விளக்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். இப்போது அந்தச் சான்றிதழால் நன்மை பெறப்போகிறவளாக வந்திருந்தேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் சொன்னார்: “கடன் இருக்கு பிள்ளை, அதுதான் விக்க நினைச்சனான். எல்லாரும் அந்தத் துண்டை எடுக்கச் சொல்லினம். எடுத்தால் நானே அவனைச் சாக்காட்டின மாதிரி. அவன் வந்து என்ரை பங்கு எங்க எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினோம். வழியில் கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “வேற பாப்பம்” என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு வீட்டு விற்பனை நடக்காமல் போன கதை. எனக்கு இது வேறு ஒன்றையும் விளக்கியது. யாழ்ப்பாணத்தின் வெளிப்புறத்தில் மலிவாக இருக்கும் வீடுகள் பலவற்றில் விலையைக் குறைப்பது யாரோ ஒருவருடைய இன்மைதான். செத்தவர், போனவர், தேடப்படுபவர். அந்த இன்மைக்கு அரசு பதில் சொல்லாத வரைக்கும் அதை விற்பவரும் வாங்குபவரும்தான் காசாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாவுக்கு உரிய விலை கிடைக்காது. அவருடைய வறுமையை வைத்து மலிவாக வாங்குபவருக்கும் நிம்மதி கிடைக்காது.

கடைசியில் கிடைத்தது

2025 ஜூனில் இருபாலையில் உள்ளொழுங்கை ஒன்றில் ஒரு வீடு சரிவந்தது. ஒன்றேமுக்கால் பரப்பு. பழைய சீற் கூரை, இரண்டு அறை. கிணறு பக்கத்து வளவோடு பங்கு. உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கின்றன. உரிமையாளர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர். நாங்கள் கையெழுத்திட்ட அன்று அவரும் வந்து எதிரில் இருந்து கையெழுத்திட்டார்.

விலை 64 இலட்சம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எங்களுக்கு 2 இலட்சத்து 55 ஆயிரம் வந்தது. அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், நிலஅளவை, வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டணம். இதற்குத் தனியாகக் காசு வைக்காமல் முழுவதையும் விலையாகப் பேசிவிடுபவர்கள் கடைசி வாரத்தில் வட்டிக்கு ஓடுகிறார்கள். பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரி நிலுவை இல்லை என்ற கடிதம், கட்டட வரைபட அனுமதி எல்லாம் வங்கி கேட்டது. வரைபடம் இல்லாத பழைய வீடு என்பதால் அதற்கு மட்டும் ஏழு வாரம்.

மூன்று பரப்பு 60 இலட்சம், ஒன்றேமுக்கால் பரப்பு 64 இலட்சம். கணக்காகப் பார்த்தால் நாங்கள் நட்டப்பட்டவர்கள். ஆனால் நாங்கள் வாங்கிய வீட்டில் இல்லாதவர் என்று யாரும் இல்லை.

குடிபுகுந்த அன்று அம்மா புது உறுதியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, மயிலிட்டி உறுதி இருந்த அதே பொலித்தீன் பையில் இதையும் வைத்தார். “இது இருக்க, அது?” என்று மகள் கேட்டாள். “அதுவும் இருக்கும்” என்றார் அம்மா.

கோப்பாய் வீடு இன்னும் விற்கப்படவில்லை. போன கிழமை அந்த வழியால் போனேன். படலை பூட்டியிருக்கவில்லை.